சம்பந்தி வீட்டுக் கார்

18 ஜனவரி 2006, புதன்

காலையில் கடும் பனி. எதிர்வீட்டு கேட் கூடத் தெரியவில்லை. இவருக்கு மறுபடி இடுப்புப் பிடிப்பு. ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பும்போது அப்படியே குனிந்த வாக்கில் நின்றுவிட்டார். நானும் மகள் யமுனாவும் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்தோம். இரண்டு சக்கரம் இனி ஆகாது என்று டாக்டர் போன மாதமே சொல்லியாயிற்று. கேட்கிற ஆளா.

ஆகவே கார். புதிது வாங்க இது நேரமில்லை, மகள் கல்யாணம் வாசலில் நிற்கிறது. பழையதில் நல்லதாக ஒன்று.

சாயங்காலம் கொமரலிங்கத்திலிருந்து போன். யமுனாவுக்குப் பேசியிருக்கும் பையன் சரவணனின் அப்பா. கார்த்திகையில் வந்து பெண் பார்த்துப் போனார்கள். ஜாதகம் பொருந்தியது. தை கடைசியில் உறுதி செய்துகொள்ளலாம் என்று பேச்சு. அதற்குள் ‘சம்பந்தி’ என்றே கூப்பிடுகிறார். ஸ்பீக்கர் இல்லாமலே எனக்குக் கேட்டது, அவ்வளவு குரல்.

“ஏனுங்க சம்பந்தி, காரு பாக்கறீங்களாமா? எதுக்குங்க வெளிய போய் அலையறீங்க? நம்மூட்டு வண்டி சும்மாதானுங்க நிக்குது. எடுத்துக்கங்க.”

கார் வாங்கப்போவது அவருக்கு எப்படித் தெரியும்? யமுனாவைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டாள். செல்போனில் பையனிடம் சொல்லியிருக்கிறாள். சரி, அது தப்பில்லை.

ஆனால் நன்றாக ஓடுகிற கார் ஏன் சும்மா நிற்கிறது?

19, வியாழன்

கம்பெனியில் ஒரே ரகளை. பனியன் துணி ஒரு லாட் முழுக்க, நெடுக ஊசிக்கோடு. நிட்டிங்காரர்கள் சாயப்பட்டறையைச் சொல்கிறார்கள், சாயப்பட்டறை எங்களைச் சொல்கிறது. செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர் என்றால் யாருக்கும் பிடிக்காது. துணியில் குற்றம் பார்ப்பதுதானே என் வேலை.

டீ நேரத்தில் வேன் டிரைவர் மணியண்ணனிடம் கேட்டேன், பழைய கார் வாங்கினால் என்னென்ன பார்க்கவேண்டும் என்று. அவர் சொன்னது:

காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய்ப் பார்க்க. நாம் போகும்முன்பே சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள்.

வெயிலில் பார்க்க. கழுவி ஈரத்தோடு நிற்கும் வண்டியில் பெயின்ட் வித்தியாசம் தெரியாது.

டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அடிபட்ட வண்டியோ என்று கேட்க.

உள்ளே வாசனை டப்பா இருந்தால் அதை எடுத்து வெளியே வைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மூச்சை இழுத்துப் பார்க்க.

ரொம்பப் புதிதாக எது தெரிகிறதோ அதன் அடியில் பார்க்க.

“யாரு வண்டிங்க அக்கா?” என்றார். “சம்பந்தியாகப் போறவங்க” என்றேன். சிரித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டார். ஏன் சிரித்தார்?

22, ஞாயிறு

வந்தார்கள். அப்பா, அம்மா, சரவணன், கார்.

வெள்ளை. நான்கு கதவு. பளபளவென்று. சீட் உறை புதிது. கீழே கார்பெட் புதிது. கண்ணாடிக்கு முன்னால் வாசனை டப்பா, ஒன்றல்ல, இரண்டு. கதவைத் திறந்ததும் தாழம்பூ வாசனை தலையைத் தூக்கியது. கழுவிய ஈரம் சக்கரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. கொமரலிங்கத்திலிருந்து இத்தனை தூரம் வந்த வண்டியில் ஈரம் ஏது? ஊருக்குள் நுழையும்போது எங்கேயோ நிறுத்திக் கழுவியிருக்கிறார்கள். சம்பந்தி வீட்டுக்கு வரும்போது தூசியோடு வரக்கூடாது என்றும் இருக்கலாம். இருக்கலாம்.

பையனின் அப்பா பேச்சுக்கு அணை கிடையாது. “கொளந்த மாதிரி வெச்சிருந்தனுங்க. வேற ஆளு கையில குடுத்ததே இல்லீங்க.” விலையும் நியாயத்துக்குக் கீழே. “நமக்குள்ள என்னுங்க யாவாரம்?” எங்கள் வீட்டுக்காரர் அப்படியே உருகிப்போனார்.

பையனின் அம்மா ருக்மணியம்மாள் காரைவிட்டு இறங்க நேரமானது. மடியில் பையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் தூசி. அவர் பக்கத்துக் கண்ணாடி மட்டும் முழுக்க இறக்கியிருந்தது. “தூசி அடிச்சிருக்குமேங்க, கண்ணாடிய ஏத்திக்கலாமுல்லீங்க?” என்றேன். வாயைத் திறந்தார். அதற்குள் அவர் வீட்டுக்காரர், “அவளுக்குக் காத்து வேணுமுங்க, பட்டிக்காட்டுக்காரி” என்று சிரித்தார். அந்தம்மாவும் சிரித்தார், அவர் சிரித்து முடித்த பிறகு.

வடை, கேசரி. சரவணன் நல்ல பையன்தான். தட்டை அவனே எடுத்துவைத்தான். யமுனாவைப் பார்த்துச் சிரித்தான், எங்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போனார்கள். “ஒரு வாரம் பத்து நாள் ஓட்டிப் பாருங்க. புடிச்சா வெச்சுக்கங்க.” இவ்வளவு தாராளமா? சந்தேகப்பட்டதற்கு எனக்கே கொஞ்சம் வெட்கம்.

24, செவ்வாய்

வெட்கம் போய்விட்டது. காலையில் வாசனை டப்பா இரண்டையும் எடுத்து துளசி மாடத்தில் வைத்துவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். முதலில் தாழம்பூ. பிறகு பிளாஸ்டிக். பிறகு, அடியிலிருந்து மெதுவாக, ஈரச் சாக்கு நாற்றம். மழையில் நனைந்த துணி மூட்டையைப் பிரிக்காமல் வைத்திருந்தால் வருமே, அது.

இவரைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். “எனக்கு ஒண்ணும் தெரியல” என்றார். மூக்கடைப்பு என்று காலையில்தான் தைலம் தேய்த்துக்கொண்ட மனிதர்.

“சாந்தா, உனக்கு எதப் பாத்தாலும் சந்தேகம். கம்பெனிப் புத்திய ஊட்டுக்குள்ள கொண்டாராத.”

26, வியாழன்

குடியரசு தினம், லீவு. ஊத்துக்குளிக்கு அக்கா வீட்டுக்கு அந்தக் காரில்தான் போனோம். வானம் சுத்தமாக வெளுத்துக் கிடந்தது. ரயில்வே கேட்டில் நிற்கும்போது வைப்பர் தானாக ஆட ஆரம்பித்தது. கர்ர், கர்ர் என்று காய்ந்த கண்ணாடியில். யாரும் கையை வைக்கவில்லை. இவர் எதையெதையோ திருகினார். நிற்கவில்லை. பக்கத்து லாரிக்காரர் எட்டிப் பார்த்து, “மழை வருதுங்களா அண்ணா?” என்றார். யமுனா விழுந்து விழுந்து சிரித்தாள். கேட் திறந்ததும் தானாகவே நின்றது.

அக்கா வெண்ணெய் கொடுத்தனுப்பினாள். அத்தானுக்கு வண்டி பிடித்துப் போயிற்று. “சம்பந்தி குடுத்ததா? ராசியான வண்டி” என்றார். ராசி இருக்கட்டும். வயரிங் சரியாக இருக்கிறதா?

திரும்பும்போது இவர் ரேடியோ பாட்டை நிறுத்திவிட்டு வைப்பரையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

28, சனி

கம்பெனிக்குப் போகும் வழியில் அந்தோணி ஒர்க்ஷாப். தெற்கே சாத்தான்குளம் பக்கத்து ஆள், இங்கே வந்து கடை போட்டு நிலைத்துவிட்டார். ஆயில் மாற்றவேண்டும் என்று சொல்லி, இவரை ஓட்டிவரச் சொல்லி, வண்டியைக் காட்டினேன். பானெட்டைத் திறந்தார். டார்ச் அடித்தார். ஹெட்லைட்டைக் கையால் துடைத்தார், மறுபடி துடைத்தார். உள்பக்கம் ஆவி படிந்ததுபோல மங்கல். இவர் டீ குடிக்கப் போனதும் அந்தோணி என்னிடம் வந்தார்.

“யக்கா, ஒண்ணு சொல்லுதேன், என் பேரு வெளிய வரக்கூடாது. வண்டி குளிச்சிருக்கு.”

“மழையில எல்லா வண்டியும்தானுங்களே குளிக்குது?”

“அந்தக் குளியல் இல்லக்கா. முங்கிக் குளிச்சிருக்கு. எஞ்சினைப் பிரிச்சு மாட்டியிருக்காங்க. அது ஓடிரும். வயரிங்குதான் நம்ப முடியாது. எப்ப என்ன பண்ணும்னே தெரியாது.”

மூச்சு விடாமல் அடுத்து என்ன சொன்னார் தெரியுமா? “நம்மகிட்ட ஒரு வண்டி நிக்கி. ஒரு டாக்டர் ஓட்டுனது. வேணும்னா பாக்கீகளா?”

அந்தோணிக்கும் விற்க ஒரு வண்டி இருக்கிறது. டாக்டர் ஓட்டியதாம். டாக்டர்கள் ஓட்டாத பழைய கார் இந்த ஊரில் ஏதாவது உண்டா? அந்தோணி சொல்வதை நம்பி சம்பந்தியைச் சந்தேகிப்பதா, சம்பந்தியை நம்பி அந்தோணியைச் சந்தேகிப்பதா?

யாரையும் நம்ப வேண்டாம். நானே பார்க்கிறேன்.

29, ஞாயிறு

பார்த்தேன்.

இவர் சந்தைக்குப் போன நேரம். யமுனா டார்ச் பிடித்தாள். முதலில் டிக்கி. ஸ்டெப்னியைத் தூக்கினோம், துடைத்துச் சுத்தம். கார்பெட் ஓரத்தைக் கிளப்பினேன், அதுவும் சுத்தம். ஆனால் சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியெல்லாம் துரு. விரலை விட்டுத் தடவினால் மாவு மாதிரி வண்டல். உலர்ந்த சாம்பல் நிறம்.

“அப்பா பாத்தா செருப்பு மண்ணும்பாரு” என்றாள் யமுனா. உண்மை, அப்படித்தான் சொல்வார்.

அப்புறம்தான் சீட் பெல்ட். அதைப் பார்க்கும்படி யாரும் சொல்லவில்லை. துணி என்றால் கை தானாகப் போகிறது. டிரைவர் பக்கத்து பெல்ட்டை இழுத்தேன், சுத்தம். இன்னும் இழுத்தேன், கடைசிவரை. யாரும் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை. உள்ளே சுருண்டு கிடந்த பாகத்தில் கறை. பெல்ட்டின் குறுக்கே கோடு போட்டதுபோல ஓரம் கட்டிய பழுப்புக் கறை. தண்ணீரில் கிடந்து, அப்படியே காய்ந்த துணியில் மட்டும்தான் அந்த ஓரம் வரும். தினமும் எத்தனை பீஸில் பார்க்கிறேன். சீட்டை மாற்றினார்கள், கார்பெட்டை மாற்றினார்கள், இதை மறந்துவிட்டார்கள்.

மற்ற பெல்ட்டையும் இழுத்தேன். அதே உயரம், அதே கோடு.

சந்தோஷம் வரவேண்டும், கண்டுபிடித்தாயிற்றே. வரவில்லை. யமுனா டார்ச்சை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

“அவருகிட்ட போன்ல கேக்கட்டுமாம்மா?”

“வேண்டாம். இரு.”

கார் பொய் என்றால் பரவாயில்லை, வாங்காமல் விடலாம். காரில் பொய் சொல்கிறவர்கள் வேறு எதிலெல்லாம் சொல்லியிருப்பார்கள்? பையன் படிப்பு? வேலை? உடம்பில் ஏதாவது?

இவருக்கு பெல்ட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். “அவருக்கே தெரியாம இருக்கலாமில்ல” என்றார். பாவம், தான் சொன்னதில் இவருக்கே நம்பிக்கையில்லை.

1 பிப்ரவரி, புதன்

தாராபுரத்தில் கல்யாணம். இரு வீட்டுக்கும் ஜாதகம் கொண்டுவந்தவரின் மகளுக்கு. பஸ்ஸில்தான் போனோம், கார் வாசலில் நிற்கும்போதே. “ஏனுங்க, வண்டிய எடுத்துட்டு வரலீங்களா?” என்று கொமரலிங்கத்துக்காரர் மண்டப வாசலிலேயே கேட்டார். இவர் இடுப்பு, டிரைவிங், டாக்டர் என்று ஏதோ உளறினார்.

பந்தி முடிந்து கை கழுவும் இடம். நான் குழாயைத் திறக்கிறேன், பக்கத்துக் குழாயில் ருக்மணியம்மாள். சுற்றிலும் பாத்திரச் சத்தம். என்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“அந்தக் காரு உங்களுக்கு வேண்டாமுங்க.”

நான் குழாயை மூடப் போனேன். “மூடாதீங்க, ஓடட்டும்” என்றார்.

சொன்னது இதுதான். போன ஐப்பசி மழை. அமராவதியில் தண்ணீர். தரைப்பாலத்தின் மேலே வெள்ளம் ஓடுகிறது. இந்தப் பக்கம் நின்றவர்கள் போகாதீர்கள் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருக்கிறார்கள். “இவரு ஒருத்தரு சொல்லி கேக்கமாட்டாருங்க. நானும் வேண்டாம்னு சொன்னனுங்க. நான் சொன்னதுனாலயே எடுத்தாருங்க.” பாதிப் பாலத்தில் வண்டி ஒதுங்கிச் சரிந்திருக்கிறது. கதவு திறக்கவில்லை. அவர் தன் பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே வந்துவிட்டார். இந்தம்மா பின்சீட்டில். தண்ணீர் கழுத்துக்கு வந்த பிறகு யாரோ கயிற்றோடு வந்து கண்ணாடியை உடைத்து இழுத்திருக்கிறார்கள். முழங்கைக்கு மேலே சேலையை ஒதுக்கிக் காட்டினார். நீளத் தழும்பு.

“வெளிய சொல்லப்படாதுன்னு சொல்லீட்டாருங்க. எங்கம்மா ஊட்டுக்கே தெரியாதுங்க. மாடு முட்டுச்சுன்னு சொல்லி வெச்சிருக்குது.”

நான் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரக் கை.

“உங்க புள்ள அதுல ஏறி எங்கயாச்சும் நடுவழில நின்னு ஒண்ணு ஆச்சுன்னா, எனக்குத் தூக்கம் வராதுங்க. நான் சொன்னதா மட்டும் சொல்லீராதீங்க.”

வெளியே அவர் குரல். “ருக்கு! எங்க போய்த் தொலஞ்ச?” நொடியில் முகம் மாறியது. சிரித்த முகம். சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, “இதா வந்தேனுங்க” என்று ஓடினார்.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

2, வியாழன்

என் சந்தேகம் சரி. அதில் ஒரு துளிகூட நிம்மதி இல்லை. நேற்று வரை கார் பற்றிய பயம். இன்று வேறு பயம். தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்கு அடியில்தான் உண்மை பேச முடிகிறது என்றால் அது என்ன வீடு? அந்த வீட்டுக்கா என் பெண்?

இருவரிடமும் சொன்னேன். அந்தம்மா பெயர் இந்த வீட்டைத் தாண்டக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான். இவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். “கார் வேண்டாம்னு சொல்லீரலாம். ஆனா மாப்பிள்ளை என்ன பண்ணுவான் அதுக்கு? அப்பன் பண்ணுனதுக்குப் பையனத் தள்ளறதா?”

நியாயமான கேள்விதான்.

யமுனா ஒன்றே ஒன்று கேட்டாள். “அவருக்குத் தெரியுமாம்மா?”

பையனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரே வீடு.

5, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது, மாசியே வந்ததுபோல. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

கார் வேண்டாம் என்று இவர் வெள்ளிக்கிழமை போனில் சொன்னார். எங்களுக்குத் தோதுப்படாது என்று மட்டும். இன்று காலை கொமரலிங்கத்திலிருந்து மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். சரவணனின் அப்பா உட்காரவில்லை.

“என்ன கொறைங்க வண்டில? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

‘யாராச்சும்’ என்னும்போது பார்வை மனைவி மேல். தாராபுரத்தில் கை கழுவ நேரமானதைக் கணக்கு வைத்திருக்கிறார். ருக்மணியம்மாள் சுவரோரம், தண்ணீர் டம்ளரை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு.

“யாரும் சொல்லலீங்க” என்றேன். “நானே பாத்தனுங்க. வாங்க, காட்டறேன்.”

எல்லாரையும் வாசலுக்குக் கூட்டிப்போய் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் காட்டினேன். கம்பெனியில் நிட்டிங்காரர்களுக்கு பீஸைக் காட்டுவது மாதிரி காட்டினேன். கறை, கோடு, துரு, வண்டல். “இது தண்ணிக்குள்ள கெடந்த வண்டிங்க. துணியப் பாத்தே சொல்லுவனுங்க. இருவது வருசமா எனக்கு இதேதானுங்க வேலை.”

அவர் மனைவி மேலிருந்த பார்வையை எடுத்தார். அது போதும் எனக்கு.

பிறகு சிரித்தார். “கறையப் பாத்துக் காரு வாங்கற ஊட்ட இன்னிக்குத்தானுங்க பாக்கறேன். ஏதோ கழுவும்போது பட்டிருக்குமுங்க. ஏன்டா சரவணா, நம்ம வண்டி எப்பயாச்சும் தண்ணிக்குள்ள போச்சாடா?”

சரவணன் காரைப் பார்த்தான். “இல்லீங்கப்பா.”

உடனே சொல்லிவிட்டான். யோசிக்கக்கூட இல்லை. அவன் அம்மா அவனுக்குப் பக்கத்தில், கை தொடும் தூரத்தில் நின்றார்.

யமுனா அதுவரை வாசற்படியில் இருந்தாள். இறங்கி வந்தாள். கோபமாக இல்லை, ரொம்ப சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்த வண்டியில எங்கப்பா அம்மாவ ஏத்தி நீங்க அனுப்புவீங்களா?”

கதவைத் திறந்துவிட்டது மாதிரிதான் அந்தக் கேள்வி. அப்பாவைப் பொய்யர் என்று சொல்லத் தேவையில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை, தலையை ஆட்டினால்கூடப் போதும். நான் மனதுக்குள் வேண்டினேன். சொல்லு சாமி, சொல்லிவிடு.

அவன் அப்பாவைப் பார்த்தான்.

“அப்பா சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்.”

“சரிங்க” என்றாள் யமுனா. உள்ளே போய்விட்டாள்.

சாவியைக் கொடுத்தோம். அவர் கிளப்பும்போதே வைப்பர் ஆடியது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. “அப்ப உறுதி தேதி?” என்று கண்ணாடி வழியாகக் கேட்டார். எங்கள் வீட்டுக்காரர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர், நேராக நிமிர்ந்து, “பொண்ணக் கேட்டுச் சொல்றமுங்க” என்றார். இருபத்தைந்து வருடத்தில் அவர் ஒருவருக்கு முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. வேண்டாம் என்ற வார்த்தை இல்லாமலே.

6, திங்கள்

யமுனா முடிவு சொல்லிவிட்டாள். காலையில் தலை வாரிக்கொண்டே.

“அவரு பொய் சொன்னாருன்னு இல்லம்மா. அவங்கம்மா பக்கத்துலயே நின்னாங்க. முங்கிப் போக இருந்தவங்க. அவங்க முகத்த ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல. நாளைக்கு நான் அங்க நிப்பேன்.”

அழவில்லை. ஆபீஸுக்கு பஸ் பிடிக்கப் போனாள். நான்தான் சமையலறையில் அழுதேன். மூன்று மாதமாக அந்தப் பையனோடு போனில் சிரித்துச் சிரித்துப் பேசியவள்.

இவர் போன் செய்து சொன்னார். அந்தப் பக்கத்துக் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். இவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, “சரிங்க, சரிங்க” என்று மட்டும்.

10, வெள்ளி

ஊரெல்லாம் பேச்சு. ஒரு சீட் பெல்ட்டுக்காகப் பெண் சம்பந்தத்தையே முறித்தவள் என்று. அக்கா ஊத்துக்குளியிலிருந்து போன்: “பொம்பளைக்கு இத்தன சந்தேகம் ஆகாது சாந்தா. இனி ஒறம்பரை சொந்தத்துல யாரு பொண்ணு கேட்டு வருவாங்க?” காரணத்தைச் சொன்னால் ஒரு நொடியில் வாயை மூடிவிடுவாள். சொல்ல முடியாது. சொன்னால் கொமரலிங்கத்தில் ஒருத்தி தலையில்தான் அது விடியும். இருக்கட்டும். சந்தேகக்காரி என்ற பெயரோடு நான் இருந்துகொள்கிறேன்.

வீட்டில் உப்பு, புளி தீர்ந்துவிட்டது. காஸ் புக் செய்யவேண்டும்.

12, ஞாயிறு

அந்தோணியின் ‘டாக்டர் வண்டி’யைப் போய்ப் பார்த்தோம். நேரே டாக்டர் வீட்டுக்கே போய்க் கேட்டேன், இந்த வண்டி உங்களுடையதுதானா, ஏன் விற்றீர்கள் என்று. “மகன் புதுசு வாங்கிக் குடுத்துட்டானுங்க” என்று வெளியே நின்ற புது வண்டியைக் காட்டினார். சரி, அந்தோணி சொன்னது உண்மை. ஒர்க்ஷாப்புக்குத் திரும்பி பெல்ட் நான்கையும் கடைசிவரை இழுத்தேன். சுத்தம். அந்தோணி பக்கத்தில் நின்று கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். “யக்கா, இன்னும் எதையாவது இழுக்கணுமா?” எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாங்கலாம் என்று முடிவு. எஞ்சின் ஆயிலை மட்டும் என் கண் முன்னால் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

17, வெள்ளி

மத்தியானம் கம்பெனி போனுக்கு எனக்கு அழைப்பு. ஆபீஸ் பெண் வந்து கூப்பிட்டாள், ஊர் பேர் சொல்லவில்லை என்று. எடுத்தால் ருக்மணியம்மாள். பின்னால் பஸ் ஹாரன். எங்கேயோ பூத்திலிருந்து.

“யமுனா கண்ணு நல்லாருக்குதுங்களா?”

“நல்லாருக்காளுங்க. நீங்க?”

“நான் சொன்னத நீங்க சொல்லல. நீங்களே பாத்ததா சொன்னீங்க. அத நான் மறக்கமாட்டனுங்க” என்றார்.

“பாத்தது நெசந்தானுங்களே.”

பிறகு, விலை கேட்பது மாதிரி சாதாரணக் குரலில்:

“ஏனுங்க, உங்க கம்பெனில என்னைய மாதிரி ஆளுக்கு ஏதாச்சும் வேலை இருக்குமுங்களா?”

“இருக்குதுங்க. எப்ப வேணாலும் வாங்க” என்றேன்.

“சும்மாதானுங்க கேட்டேன்.” வைத்துவிட்டார்.

18, சனி

காலை முதல் வேலையாக மேனேஜரிடம் போனேன். செக்கிங்கில் ஒரு இடம் காலியாக வைக்கவேண்டும், பக்கத்து ஹாஸ்டலில் ஒரு கட்டிலும், என்று. எப்போது சேருவார் என்று கேட்டார். தெரியாது என்றேன். வருவாரா என்று கேட்டார். அதுவும் தெரியாது.

“யாருங்க மேடம் அது?”

“ஒறம்பரை” என்றேன்.